பெங்களூரில் இருந்தபடி தமிழில் அபுனைவு நூல்: வாசகரைச் சேர்ப்பதும் பதிப்பகத்தை அணுகுவதும்

பெங்களூரில் புதிதாக எழுத வருகிற தமிழர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: “புத்தகத்தை எழுதி முடிச்சிட்டேன், எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம்?” நாவலுக்கோ சிறுகதைத் தொகுப்புக்கோ இது சரியான கேள்வி. கதையை முழுசாகப் படித்துப் பார்க்காமல் எந்தப் பதிப்பாளரும் முடிவு சொல்ல முடியாது. வரலாறு, சட்டம், உடல்நலம், தொழில் அனுபவம் என்று அபுனைவு, அதாவது கற்பனை அல்லாத நூல், எழுதுகிறவருக்கு வரிசை வேறு. இதை எழுத இவருக்கு என்ன தகுதி, யார் வாங்குவார்கள், வாங்கப்போகிறவர்களுக்கு இவரை ஏற்கெனவே தெரியுமா என்றுதான் பதிப்பாளர் முதலில் யோசிப்பார். நீங்கள் எழுதி வைத்திருக்கும் 300 பக்கத்தை அதற்கு அப்புறம்தான் புரட்டுவார்.

ஆகவே வாசகரைச் சேர்த்துக்கொண்டே எழுதுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விகள்தான் பின்னால் அத்தியாயங்களாகும். அவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பதிப்பகத்திடம் நீங்கள் காட்டப்போகும் பலம். வேலை, குடும்பம், சில்க் போர்டு டிராஃபிக் எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் செய்தாலும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் ஒரு நல்ல நூல் கைக்கு வரும்.

முதலில் பொருளைச் சுருக்குங்கள்

‘பெங்களூர்த் தமிழர் வரலாறு’ எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு ஆள், ஒரு நூலில் அடக்கிவிடக்கூடிய பொருள் இல்லை அது. கண்டோன்மென்ட் மட்டுமே ஒரு நூலுக்குத் தாங்கும். 1809 வாக்கில் ஆங்கிலேயர் அமைத்த அந்தப் படை முகாமோடு வந்து அல்சூரிலும் இன்றைய சிவாஜிநகரிலும் குடியேறியவர்கள், 1949இல் கண்டோன்மென்டும் பழைய நகரமும் ஒரே மாநகராட்சியாக இணையும்வரை, எப்படி வாழ்ந்தார்கள் என்பது தனிக்கதை. பின்னி மில் தொழிலாளர் குடும்பங்கள் இன்னொரு நூல். கோலார் தங்கவயல் இன்னொன்று. நூறு வருடத்துக்கும் மேல் ஓடி, பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம்வரை இறங்கிய அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றைக்கும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். தொம்மலூர் சொக்கநாதர் கோவிலிலும் மடிவாளா சோமேஸ்வரர் கோவிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றைப் பொறுமையாகப் படித்து, சாதாரண வாசகருக்குப் புரியும்படி எழுதுகிறவருக்கு வேலை நிறைய இருக்கிறது.

இவையெல்லாம் சென்னையிலோ மதுரையிலோ உட்கார்ந்திருப்பவருக்கு எட்டாதவை. பெங்களூரில் இருப்பதால் தமிழ்ப் பதிப்புலகத்திலிருந்து தள்ளி இருக்கிறோமே என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அபுனைவைப் பொறுத்தவரை அந்தத் தூரம் உங்களுக்குச் சாதகம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வரலாறுதான் எழுத வேண்டும் என்றில்லை. என் தோழி ஒருவர் சி.வி. ராமன் நகரில் இருக்கிறார், கணக்காளர். ‘பெங்களூர் வாழ்க்கை’ என்று பொதுவாக ஏதாவது எழுத நினைத்திருந்தார். ஆனால் ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் அவரிடம் ஓயாமல் கேட்டது ஒரே விஷயம்: வீட்டை வாடகைக்கு எடுப்பதா, லீசுக்கு எடுப்பதா? பத்து லட்சம், பதினைந்து லட்சம் என்று மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் இரண்டு மூன்று வருடம் குடியிருந்து, காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ளும் முறைதான் லீஸ். ஊரில் ஒத்தி என்போமே, ஏறக்குறைய அதேதான். அவ்வளவு பெரிய தொகையைக் கொடுப்பவர்களுக்கு எந்தக் காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்றே தெரிவதில்லை. தோழி தன் பொருளை அதுவரைக்கும் சுருக்கினார். அவருடைய வேலையை வைத்தே மற்ற படிகளையும் சொல்கிறேன்.

உங்கள் பொருள் போதிய அளவு சுருங்கிவிட்டதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. “இந்த நூல் இன்னாருக்கு. இதைப் படித்தபின் அவரால் இன்னது செய்ய முடியும்” அல்லது “அவருக்கு இன்னது புரியும்” என்று இரண்டே வரியில் எழுதிப் பாருங்கள். ‘எல்லோருக்கும்’, ‘விழிப்புணர்வு’ போன்ற சொற்கள் தலைகாட்டினால் இன்னும் சுருக்க வேண்டும்.

கேள்விகளைச் சேகரிக்க ஒரு நோட்டு

அடுத்த இரண்டு மாதம் எழுத வேண்டாம். கேளுங்கள். அபார்ட்மென்ட் வாட்ஸப் குழு, ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அலுவலகங்களில் இருக்கும் தமிழ் நண்பர்கள் குழு, ஞாயிறு ஆராதனை முடிந்து நின்று பேசுகிறவர்கள், கோவில் வாசல், டீக்கடை என்று உங்கள் பொருளைப் பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் காது கொடுங்கள். கேள்வியை அவர்கள் கேட்ட சொற்களிலேயே குறித்து வையுங்கள். தோழியின் நோட்டில் இருந்தவற்றில் சில:

“ஓனர் அந்த வீட்டு மேல லோன் வாங்கியிருந்தா, கட்டாம விட்டா, என் லீஸ் பணம் என்ன ஆகும்?”

“11 மாசத்துக்கு மட்டும்தான் அக்ரிமென்ட் போடுறாங்க, ஏன்?”

“காத்தா அவங்க அப்பா பேர்ல இருக்கு, மகன் கையெழுத்து போட்டா செல்லுமா?”

(காத்தா என்பது மாநகராட்சியின் சொத்துவரிப் பதிவு.) ஒவ்வொன்றும் ஒரு கட்டுரை. இரண்டாவதை எடுத்துக்கொள்வோம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். பதிவுச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே 11 மாத ஒப்பந்தம் பழக்கமாகிவிட்டது. இந்த விளக்கத்தை நாலு பத்தியில், ஒரு மாதிரி ஒப்பந்தத்தோடு எழுதினால், படிக்கிறவர் அதைத் தன் தம்பிக்கு அனுப்புவார். வாசகர் கூட்டம் அப்படித்தான் பெருகுகிறது. ‘ஷேர் செய்யுங்கள்’ என்று கெஞ்ச வேண்டியதில்லை.

நாற்பது, ஐம்பது கேள்வி சேர்ந்ததும் ஒரே வகைக் கேள்விகளைக் கூட்டிப் பாருங்கள். எட்டுப் பத்துக் குவியல் வரும். நூலின் பொருளடக்கம் உங்கள் முன்னால் இருக்கும்.

வாராவாரம் ஒன்று

இனி எழுதலாம். வாரத்துக்கு ஒரு கட்டுரை, 500 முதல் 800 சொல், ஒரே கிழமையில். எங்கே போடுவது? தமிழில் கட்டுரை படிக்கிறவர்கள் ஃபேஸ்புக்கில் இன்னும் கணிசமாக இருக்கிறார்கள். வாட்ஸப் சேனல் தொடங்குவதும் எளிது. பேச்சு சரளமாக வருகிறவர் யூடியூபுக்குப் போகலாம். ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு இடத்திலும் தினம் ஓடினால் எழுதுவதற்கு நேரம் இருக்காது. எந்த இடமானாலும், விருப்பப்படுகிறவர்களின் மின்னஞ்சல் முகவரியையோ கைப்பேசி எண்ணையோ அவர்கள் அனுமதியோடு தனியாகச் சேர்த்து வையுங்கள். சமூக ஊடகக் கணக்கு நாளைக்கே முடங்கலாம், அல்லது உங்கள் பதிவு யாருக்கும் காட்டப்படாமல் போகலாம். கையில் இருக்கும் முகவரிகள் போகாது.

எழுத்தில் புதியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அது முதல் பத்தி. தோழியின் ஆரம்பக் கட்டுரை ஒன்று இப்படித் தொடங்கியது:

“இன்றைய நவீன உலகில் உணவு, உடை, உறைவிடம் ஆகியவை மனிதனின் அடிப்படைத் தேவைகளாகும். அவற்றுள் உறைவிடம் மிக முக்கியமானதாகும்.”

இதில் தவறு ஒன்றும் இல்லை. வாசகருக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதுதான் குறை. பள்ளிக்கூடக் கட்டுரைப் பழக்கம் நம் எல்லோருக்கும் கையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருத்திய பிறகு அது இப்படி ஆனது:

“லீஸ் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் காகிதம் வில்லங்கச் சான்று. வீட்டின் பேரில் பதிவான அடமானம் இருந்தால் அதில் தெரியும். வீட்டுக்காரர் தர மறுத்தால் கர்நாடகப் பதிவுத் துறையின் ‘காவேரி’ தளத்தில் நீங்களே விண்ணப்பித்து வாங்கலாம்.”

மூன்றே வரியில் வாசகர் ஒரு வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டார். முதல் பத்தியை வெட்டிவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து தொடங்கிப் பாருங்கள். பெரும்பாலான கட்டுரைகள் அங்கேதான் உண்மையில் தொடங்கும்.

எல்லாக் கட்டுரையையும் முழுதாகப் பொதுவில் போட்டுவிட வேண்டாம். நூலின் மூன்றில் ஒரு பங்கு வெளியே இருந்தால் போதும். ஒப்பந்த மாதிரிகள், சரிபார்ப்புப் பட்டியல்கள், நீண்ட நேர்காணல்கள் ஆகியவற்றை நூலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகையில் பெயர் வரட்டும்

ஏழெட்டு மாதம் தொடர்ந்து எழுதியதும் அச்சு ஊடகத்தை அணுகுங்கள். இந்து தமிழ் திசையின் இணைப்பிதழ்கள் வெளியாட்களின் கட்டுரைகளை வெளியிடுகின்றன. தினமணிக்கும் தினத்தந்திக்கும் பெங்களூர்ப் பதிப்பு உண்டு. ஆய்வுச் சாய்வுள்ள நீண்ட கட்டுரைக்கு காலச்சுவடு போன்ற மாத இதழ்களும், சொல்வனம் போன்ற இணைய இதழ்களும் இருக்கின்றன. அந்த இதழின் பழைய கட்டுரைகள் ஐந்தாறைப் படித்து, நீளத்தையும் நடையையும் கவனித்துவிட்டு அனுப்புங்கள். ஒரே கட்டுரையை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பாதீர்கள். இரண்டு பேரும் வெளியிட்டுவிட்டால் இரண்டு கதவும் மூடிக்கொள்ளும்.

இதில் சன்மானம் பெரிதாக வராது. ஆனால் ‘கட்டுரையாளர், இன்ன துறையில் இருப்பவர்’ என்று அடியில் வரும் அந்த ஒற்றை வரி பதிப்பகத்துக்கு எழுதும்போது கைகொடுக்கும்.

ஆட்களை நேரில் சந்தியுங்கள்

இங்கே பெங்களூருக்கு ஒரு வசதி இருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950 முதல் இயங்கிவருகிறது. 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும் அந்த ஏரிக்குப் பக்கத்தில்தான். சங்கத்தில் நூலகம் உண்டு, கூட்டங்கள் நடக்கும். முதலில் நாலைந்து கூட்டங்களுக்குப் போய் பார்வையாளராக உட்காருங்கள். நிர்வாகிகளுக்கு உங்கள் முகம் பழகிய பிறகு, “20 நிமிடம் இந்தப் பொருளில் பேச முடியுமா?” என்று கேளுங்கள். கடந்த சில ஆண்டுகளாக டிசம்பரில் பெங்களூரில் தமிழ்ப் புத்தகத் திருவிழாவும் நடக்கிறது. அபார்ட்மென்ட் சங்கங்களின் பொங்கல் விழா, அலுவலகத் தமிழ் மன்றம் போன்றவையும் பேச்சாளர் கிடைக்காமல்தான் தவிக்கின்றன.

இருபது நிமிடத்தில் ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். கேள்விக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். கூட்டம் முடிந்ததும் ஒரு நோட்டை வாசலில் வைத்து, “அடுத்த கட்டுரை வேண்டுமென்றால் பெயரும் எண்ணும் எழுதுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். முப்பது பேர் வந்த கூட்டத்தில் பத்துப் பேர் எழுதினாலே அது நல்ல அறுவடை.

ஏன் இந்தப் பத்துப் பேருக்கு இவ்வளவு முக்கியத்துவம்? தமிழ்ப் பதிப்புத் தொழிலின் கணக்கு அப்படி. முன்பெல்லாம் முதல் பதிப்பு 1,000 அல்லது 1,200 பிரதி அச்சிடுவார்கள். டிஜிட்டல் அச்சு வந்த பிறகு பல பதிப்பகங்கள் 200, 300 பிரதி அச்சிட்டு, விற்க விற்க மேலும் அடிக்கின்றன. அப்படியிருக்க, உங்களைப் பெயர் சொல்லித் தெரிந்த, நூல் வந்தால் வாங்குவேன் என்று சொன்ன 150 பேர் இருந்தால் முதல் அச்சின் பாதி விற்ற மாதிரி. முகம் தெரியாத ஐயாயிரம் ஃபாலோயர்களை விட இந்த 150 பேர் பதிப்பாளருக்குப் பெரிய செய்தி. ஆங்கிலப் பதிப்புலகத்தின் லட்சக் கணக்குகளைக் கேட்டு மனம் தளர்ந்துவிடாதீர்கள். நம் அளவுக்கு இந்த எண்ணிக்கை உழைத்தால் எட்டக்கூடியது.

ஆதாரம் கையில் இருக்கட்டும்

அபுனைவு எழுத்தாளருக்கு நம்பகத்தன்மைதான் சொத்து. ஒரு தேதி தப்பாக வந்தால், மற்ற தொண்ணூறு தேதிகளையும் வாசகர் சந்தேகப்படுவார். ஒவ்வொரு தகவலுக்கும் எங்கிருந்து எடுத்தது என்பதை எழுதும்போதே குறித்து வையுங்கள். நூல் முடிந்தபின் தேடினால் கிடைக்காது.

நகர வரலாறு எழுதுகிறவர்களுக்கு இங்கே நல்ல இடங்கள் இருக்கின்றன. நிருபதுங்கா சாலையில் இருக்கும் மிதிக் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு 1909இல் தொடங்கப்பட்டது. அதன் நூலகமும் பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்யும் அவர்களுடைய பணியும் அருமையானவை. பி.எல். ரைஸ் தொகுத்த எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதி பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளுக்கானது, 1905இல் வந்தது, இணையத்திலும் கிடைக்கிறது. கர்நாடக அரசு ஆவணக் காப்பகம் விதான சௌதாவில் இருக்கிறது. பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் பாருங்கள். அரசுத் துறைத் தகவல் வேண்டுமென்றால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

ஆட்களிடம் பேட்டி எடுத்தால் ஒலிப்பதிவு செய்துகொள்ளுங்கள். பெயரைப் போடலாமா என்று அப்போதே கேட்டு, எழுத்தில் வாங்கிவிடுங்கள். தங்கவயல் பெரியவர் ஒருவர் மனம் விட்டுப் பேசியதை அவர் அனுமதி இல்லாமல் அச்சில் ஏற்றுவது பெரிய துரோகம். இணையத்தில் கிடைத்த புகைப்படத்தை எடுத்துப் போடுவதும் கூடாது. யார் எடுத்தது, உரிமை யாரிடம் என்று தெரிந்த படம் மட்டும் போதும்.

பதிப்பகத்துக்கு எழுதுவது

ஒரு வருடம் போல ஆகியிருக்கும். கையில் நாற்பது கட்டுரை, ஒன்றிரண்டு பத்திரிகைப் பிரசுரம், கொஞ்சம் வாசகர். இப்போது பதிப்பகம்.

தமிழில் இலக்கிய ஏஜென்ட் என்ற ஏற்பாடு பரவலாக இல்லை. நீங்களே நேராக எழுதலாம். யாருக்கு என்பதுதான் கேள்வி. உங்கள் வீட்டு அலமாரியைப் பாருங்கள், அப்புறம் புத்தகக் கண்காட்சிக்குப் போய் அரங்கு அரங்காகப் பாருங்கள். உங்கள் நூல் எந்த அலமாரியில், எந்த நூல்களுக்குப் பக்கத்தில் நிற்கும்? அரசியல், வரலாறு, வணிகம், அறிமுக நூல்கள் என்றால் கிழக்கு பதிப்பகம் போன்றவர்கள் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். சமூக ஆய்வு, வரலாறு, மொழிபெயர்ப்பு என்றால் காலச்சுவடு, எதிர் வெளியீடு, அடையாளம் போன்றவற்றின் பட்டியலைப் பாருங்கள். கல்வி, அறிவியல் என்றால் பாரதி புத்தகாலயம். கவிதை மட்டும் போடுகிறவருக்கு வீட்டு லீஸ் பற்றிய நூலை அனுப்பிப் பயனில்லை.

காலமும் முக்கியம். சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது. இப்போது ஜனவரியில், பொங்கலை ஒட்டி. தமிழ் நூல்களில் பெரும்பகுதி அதைக் குறிவைத்தே வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை பதிப்பகங்களில் மெய்ப்புத் திருத்தம், அட்டை, அச்சகம் என்று மூச்சுவிட நேரம் இருக்காது. அந்தச் சமயத்தில் போகும் கடிதம் அடியில் தங்கிவிடும். பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் அனுப்புங்கள். முகம் காட்ட விரும்பினால் சென்னைப் புத்தகக் காட்சிக்கு ஒரு வேலைநாள் பிற்பகலில் போங்கள், சனி ஞாயிறு கூட்டத்தில் யாராலும் உங்களோடு பேச முடியாது. சென்னை தூரம் என்றால், நாற்பது கிலோமீட்டரில் ஓசூர். அங்கே நடக்கும் புத்தகத் திருவிழாவிலும் பல பதிப்பகத்தார் கடை போடுகிறார்கள். முதல் சந்திப்பில் கைப்பிரதியை நீட்டாதீர்கள். ஒரு நூல் வாங்குங்கள், நாலு வார்த்தை பேசுங்கள், மின்னஞ்சல் முகவரி கேளுங்கள்.

அனுப்ப வேண்டியது முழு நூல் அல்ல. ஒரு பக்கக் கடிதம், மூன்று நாலு பக்கத் திட்டம், முழுமையாக எழுதித் திருத்திய இரண்டு அத்தியாயங்கள். திட்டத்தில் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஐந்து வரி, இந்தப் பொருளில் தமிழில் ஏற்கெனவே என்னென்ன நூல்கள் இருக்கின்றன, உங்களுடையது எதில் வேறு, எத்தனை பக்கம், எப்போது தருவீர்கள், வாசகர் யார் என்பது இருக்க வேண்டும். கோப்பு யூனிகோடில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு அவர்கள் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒற்றுப்பிழை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.

தோழி அனுப்பிய கடிதத்தின் நடுப்பகுதி இது. நீளத்தையும் தொனியையும் கவனியுங்கள்:

“பெங்களூரில் கணக்காளராக வேலை பார்க்கிறேன். இங்கே குடியேறும் தமிழ்க் குடும்பங்களுக்காக வாடகை, லீஸ், முன்பணம் பற்றி ஒரு வருடத்துக்கும் மேலாக வாராவாரம் எழுதிவருகிறேன். அதற்கு வந்த கேள்விகளின் அடிப்படையில் 10 அத்தியாயம், சுமார் 160 பக்கத்தில் ஒரு நூலைத் திட்டமிட்டிருக்கிறேன். சட்டப் பகுதிகளை வழக்கறிஞர் ஒருவர் சரிபார்த்துத் தருகிறார். கட்டுரைகளைத் தொடர்ந்து பெற விரும்பி முகவரி கொடுத்தவர்கள் 210 பேர். தங்கள் பதிப்பகத்தின் சட்ட வழிகாட்டி வரிசையில் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். இரண்டு அத்தியாயங்களை இணைத்துள்ளேன். மீதியை ஐந்து மாதத்தில் தர முடியும்.”

‘தமிழ் மக்கள் அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்று ஒரு சொல்லும் இல்லை. எண்ணிக்கை உண்மையானது. பதிப்பகத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார் என்பதும் தெரிகிறது.

பதில் வர இரண்டு மாதம் பொறுங்கள். பிறகு ஒரு நினைவூட்டல். அதன்பிறகும் மௌனம் என்றால் அடுத்த பதிப்பகம். நிராகரிப்பில் காரணம் சொல்லியிருந்தால் அதைக் கவனமாகப் படியுங்கள். ‘பொருள் நல்லா இருக்கு, நடை கனமா இருக்கு’ என்று ஒரு பதிப்பாசிரியர் எழுதினால் அது இலவசமாகக் கிடைத்த பாடம்.

பெங்களூரிலேயே இயங்கும் நியூ இந்தியா ஃபவுண்டேஷனையும் ஆய்வு நோக்கில் எழுதுகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்தியா பற்றிய ஆய்வு நூல்களுக்கு அது ஃபெலோஷிப் தருகிறது. தமிழ் உட்பட பத்து இந்திய மொழிகளிலிருந்து அபுனைவை ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கவும் தனி ஃபெலோஷிப் உண்டு.

கையெழுத்துப் போடும் முன்

பதிப்பகம் சரி என்று சொன்ன மகிழ்ச்சியில் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் அதிகம். சில இடங்களில் ஒப்பந்தமே இருக்காது. பணிவாக, ஆனால் கட்டாயமாகக் கேளுங்கள்.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர, அது காலாவதியாகிவிடும். பதிப்புரிமை எழுத்தாளரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கும் என்பதால், ‘நிரந்தரமாக, எல்லா உரிமைகளும்’ என்ற வரியைப் பார்த்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பேசுங்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள்.

ராயல்டி அச்சு நூலுக்குப் பொதுவாக விலையில் 10 சதவீதம். 250 ரூபாய் நூல் 500 பிரதி விற்றால் 12,500 ரூபாய். இதை நம்பி வேலையை விட முடியாது என்பது தெரிந்துகொண்டே இறங்குங்கள். வருடத்துக்கு ஒருமுறை விற்பனைக் கணக்கு தருவார்களா, எழுத்தாளர் பிரதி எத்தனை, கூடுதல் பிரதிகள் என்ன கழிவில் கிடைக்கும் என்பதும் எழுத்தில் வரட்டும்.

அச்சுச் செலவை நீங்கள் கொடுக்க வேண்டும் என்று சொன்னால், அது வேறு வகை ஏற்பாடு. தப்பில்லை. ஆனால் அப்போது அவர் உங்களுக்குச் சேவை செய்கிறவர்; உரிமை முழுக்க உங்களிடமே இருக்க வேண்டும், எத்தனை பிரதி அடித்தார், எங்கே இருக்கிறது என்ற கணக்கும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

சொந்தமாக வெளியிடுவதென்றால்

வாசகர் 150, 200 பேர் கையில் இருக்கிறவர்களுக்கு இதுவும் நல்ல வழிதான். கேட்கும்போது அச்சிட்டுத் தரும் பொத்தி டாட் காம் பெங்களூரில்தான் இருக்கிறது. ஒவ்வொரு நூலுக்கும் தனி அடையாளமாக இருக்கும் ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமில்லாமல் தருகிறது. அதற்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். மின்னூலுக்குக் கிண்டில் தமிழை ஏற்கிறது. 70 சதவீத ராயல்டிக்கு ஆசைப்பட்டு அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்ந்தால், 90 நாள் அந்த மின்னூலின் உள்ளடக்கம் இணையத்தில் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. நீங்கள் ஏற்கெனவே பொதுவில் போட்ட கட்டுரைகள் அப்படியே நூலில் இருந்தால் சிக்கல் வரும். முன்பே நூலில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெளியிடச் சொன்னேன். செலக்ட்டில் சேர்வதானால் அந்தப் பகுதியை நூலுக்காகத் திருத்தி எழுதுங்கள், பழைய பதிவுகளையும் எடுத்துவிடுங்கள்.

வெளியீட்டுக்கு மூன்று வாரம் முன்னால் உங்கள் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் எழுதி, முன்பதிவு விலையில் பணம் கட்டச் சொல்லுங்கள். எத்தனை பேர் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அதற்கு மேல் ஐம்பது பிரதி சேர்த்து அச்சுக்குக் கொடுங்கள். நோட்டில் இருந்த கேள்விகளைக் கேட்டவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள், அவர்களுடைய கேள்விக்கான பதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற குறிப்போடு.